காலைச் சுற்றுவதற்கு முன்: மெட்டபாலிக் சிண்ட்ரோம் உள்ளவர்களின் நிணநீர் வீக்கமும் இயன்முறை சிகிச்சையும்

திசுவில் சேரும் நீரை வடிக்கும் நிணநாளங்கள் சரியாக வேலை செய்யாதபோது வருவது நிணநீர் வீக்கம். அதற்கான இயன்முறை சிகிச்சைக்கு நான்கு பகுதிகள்: தோல் பராமரிப்பு, கையால் செய்யும் நிணநீர் வடிப்பு, அழுத்தக் கட்டு, உடற்பயிற்சி. 1936இல் பாரிஸில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வாடர் தன் வடிப்பு முறையை அறிமுகப்படுத்தினார். பின்னர் ஜெர்மனியில் மைக்கேல் ஃபோல்டி அதோடு கட்டையும் பயிற்சியையும் தோல் பராமரிப்பையும் சேர்த்து ஒரே சிகிச்சையாக்கினார். அந்த நான்கும் இன்றும் மாறவில்லை. ஆனால் பயிற்சி வகுப்பில் படுக்கையில் கிடத்திக் காட்டப்படுபவர் பெரும்பாலும் ஒரு கை மட்டும் வீங்கிய, மற்றபடி ஆரோக்கியமான ஒருவர். சிகிச்சை அறைக்குள் வருபவரோ இரண்டு காலும் வீங்கி, தொந்தி தொடைமேல் சரிந்து, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு என்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவர். வகுப்பில் படித்த அளவை அப்படியே இவருக்குப் போட்டால் பலன் குறையும். சில நேரம் கெடுதலே வரும்.

இவரிடம் இருப்பது மெட்டபாலிக் சிண்ட்ரோம். அது தனி நோயல்ல, ஒரு தொகுப்பு. பெருத்த இடுப்பு, 150 மி.கி. அல்லது அதற்கு மேற்பட்ட டிரைகிளிசரைடு, ஆண்களில் 40க்கும் பெண்களில் 50க்கும் கீழே இறங்கிய நல்ல கொழுப்பு, 130/85 அல்லது அதற்கு மேற்பட்ட ரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் 100 மி.கி. அல்லது அதற்கு மேற்பட்ட சர்க்கரை. இந்த ஐந்தில் ஏதாவது மூன்று இருந்தால் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளும். மாத்திரையால் கட்டுக்குள் இருப்பதும் கணக்கில் சேரும். இடுப்பளவின் எல்லை இனத்துக்கு இனம் மாறும். தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ.

கொழுப்பும் நிணநீரும்

ரத்தக் குழாய்களிலிருந்து திசுவுக்குள் கசியும் நீரில் பெரும்பகுதியைச் சிரைகளே திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன என்றுதான் நெடுநாள் கற்பிக்கப்பட்டது. இப்போதைய புரிதல் வேறு. பெரும்பாலான திசுக்களில் கசிந்த நீர் திரும்புவதற்கு நிணநாளங்கள்தான் வழி. அந்த நாளங்களின் சுவரில் தசை உண்டு; வால்வுக்கு வால்வு சுருங்கி நீரை மேலே தள்ளும். சுருக்கம் தளர்ந்தாலோ, சுவர் ஒழுகினாலோ, தள்ளவேண்டிய சுமை கூடினாலோ வீக்கம் வருகிறது.

மெட்டபாலிக் சிண்ட்ரோமில் இந்த மூன்றுமே சேர்ந்து நடக்கலாம். பருத்த உடலில் கொழுப்புத் திசு பெருகி, நிணநீரின் அளவும் கூடுகிறது. தொந்தியின் மடிப்பு கவட்டையில் உள்ள நிணக்கணுக்களை (நிணநீரை வடிகட்டும் முடிச்சுகள்) அழுத்துகிறது, உட்காரும்போது இன்னும் மோசம். சர்க்கரை நோயுள்ள எலிகளில் நிணநாளச் சுவர் இயல்பைவிட அதிகமாக ஒழுகுவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஒழுகிய நிணநீர் சும்மா கிடப்பதில்லை. சுற்றியுள்ள செல்களைக் கொழுப்புச் செல்களாக வளரத் தூண்டுகிறது. கொழுப்பு கூடினால் நாளம் கெடும், நாளம் கெட்டால் கொழுப்பு கூடும். பழைய நிணநீர் வீக்கத்தில் கட்டு எவ்வளவு நன்றாகப் போட்டாலும் ஓர் அளவுக்குக் கீழே சுற்றளவு இறங்க மறுப்பதற்கு இதுதான் காரணம். அங்கே மீதமிருப்பது நீரல்ல, கொழுப்பும் நாரும். கட்டு நீரைத்தான் நகர்த்தும்.

உடல் எடைக்குறியீடு (கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண், BMI) 30ஐத் தாண்டியவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் கை வீங்கும் வாய்ப்பு கூடுதல் என்பது நன்கு நிறுவப்பட்டது. அறுவையோ கதிர்வீச்சோ இல்லாமல், பருமன் ஒன்றே காரணமாக இரு காலும் வீங்குவதும் உண்டு. எடைக்குறியீடு 50ஐத் தாண்டும்போது இது அதிகம் தலைகாட்டுகிறது. அந்த எல்லையைத் தாண்டிச் சேதமான நாளங்கள், பிறகு எடை குறைந்தாலும் எல்லோருக்கும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

எல்லா வீக்கமும் நிணநீர் வீக்கமல்ல

கால் விரலில் இரண்டாம் விரலின் அடிப்பகுதித் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்ப்பது ஸ்டெம்மர் சோதனை. தூக்க முடியாமல் தடித்திருந்தால் நிணநீர் வீக்கம் என்று அநேகமாக உறுதி சொல்லலாம். தூக்க முடிந்தால் இல்லையென்று சொல்லிவிட முடியாது, தொடக்கநிலையில் தோல் மெல்லியதாகவே இருக்கும். இரு காலிலும் கொழுப்பு ஒரே மாதிரி பெருகும் லிப்பீடிமா என்ற கோளாறில் வீக்கம் கணுக்காலோடு வளையம்போட்டு நின்றுவிடும், பாதம் மெலிந்திருக்கும், தொட்டாலே வலிக்கும், லேசாக இடித்தாலும் கன்றிப்போகும். சிரைக் கோளாறில் கணுக்காலுக்கு மேல் பழுப்பு நிறம் படியும். பருத்த உடலில் இவை இரண்டு மூன்றாகக் கலந்து வருவதுதான் வழக்கம்; ஒரே பெயர் சூட்டியே தீரவேண்டும் என்று அடம்பிடிப்பதில் பயனில்லை.

அதைவிட முக்கியமானது மாத்திரைச் சீட்டு. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபின் கணுக்காலை வீங்கவைக்கும், மாத்திரையின் அளவு கூடக்கூட வீக்கமும் கூடும். சர்க்கரைக்கான பயோகிளிட்டசோன் உடலில் நீரைத் தேக்கும். நரம்பு எரிச்சலுக்கான பிரகாபலினும் கபாபென்டினும் அப்படியே. இவற்றில் ஒன்றைத் தொடங்கிய சில வாரங்களில் இரு காலும் ஒரே மாதிரி வீங்கியிருந்தால், பேண்டேஜைச் சுற்றுவதற்கு முன் சீட்டை எழுதிய மருத்துவரிடம் பேசவேண்டும். நோயாளி தானாக நிறுத்தக் கூடாது. மறுபக்கம், கால் வடியட்டும் என்று நீர் பிரியும் மாத்திரையை வாங்கி விழுங்குவோரும் உண்டு. அது நீரை மட்டும் இழுக்கும், திசுவில் தேங்கிய புரதத்தை இழுக்காது. நிணநீர் வீக்கத்துக்கு மட்டும் என்றால் அது மருந்தல்ல. இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ எழுதப்பட்டிருந்தால் அதை நிறுத்தவும் கூடாது.

அழுத்தம் தருவதற்கு முன் பார்க்கவேண்டிய மூன்று

தமனி, நரம்பு, இதயம். மெட்டபாலிக் சிண்ட்ரோம் மூன்றையும் சத்தமில்லாமல் கெடுக்கக்கூடியது என்பதால் இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டக் கூடாது.

தமனிக்கு, கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் விகிதம் பார்க்கப்படும். கணுக்காலில் 126, கையில் 140 என்றால் விகிதம் 0.9. பொதுவாக 0.8க்கு மேல் இருந்தால் முழு அழுத்தம் தரலாம், 0.5 முதல் 0.8 வரை குறைந்த அழுத்தம், அதுவும் ரத்தநாள மருத்துவரின் ஒப்புதலோடு. அதற்குக் கீழே கட்டே கூடாது. இங்கேதான் சர்க்கரை நோயாளியில் ஒரு கண்ணி இருக்கிறது. நெடுநாள் சர்க்கரையில் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துவிடும். அளக்கும் பட்டை அதை நசுக்க முடியாமல் விகிதம் 1.3, 1.4 என்று ஏறிக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து ‘ரத்த ஓட்டம் பிரமாதம்’ என்று முடிவுகட்டுவது ஆபத்து. அப்போது கால் பெருவிரலில் அளக்கவேண்டும், அங்குள்ள சிறு தமனிகளில் சுண்ணாம்பு அவ்வளவாகப் படியாது. பெருவிரல் அழுத்தம் 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே என்றால் அழுத்தக் கட்டு கூடாது. வீங்கிப் பருத்த காலில் சாதாரண பட்டை சுற்றாது, ரத்த ஓட்டத்தைக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியின் ஒலியும் தடித்த தோலைத் தாண்டி எளிதில் கேட்காது. பெரிய பட்டையும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

நரம்புக்கு, 10 கிராம் நைலான் இழைச் சோதனை. பாதத்தில் இழை வளையும்வரை அழுத்தி, கண்ணை மூடியவர் ‘தெரிகிறது’ என்கிறாரா என்று பார்ப்பது. உணர்வில்லாத காலில் கட்டு இறுகினால் எச்சரிக்க வலி வராது. மற்றவர்களிடம் ‘வலித்தால் அவிழ்த்துவிடுங்கள்’ என்று சொல்லி அனுப்பலாம். இவரிடம் அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. தினம் இரண்டு முறை விரல் நுனியின் நிறத்தை ஒருவர் பார்க்கவேண்டும், அழுத்திவிட்டால் 2, 3 விநாடியில் சிவப்பு திரும்பவேண்டும் என்று வீட்டிலுள்ளவருக்குச் செய்தே காட்டவேண்டும்.

இதயத்துக்குக் கேட்கவேண்டிய கேள்விகள் எளியவை. எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்? இரவில் மூச்சுமுட்டி எழுகிறீர்களா? மல்லாந்து படுக்க முடிகிறதா? இரு காலையும் கவட்டைவரை ஒரே நாளில் கட்டினால், திசுவில் கிடந்த நீர் ஒருசேர ரத்தத்துக்குள் திரும்பும். தளர்ந்த இதயம் திணறும், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் முதலில் ஒரு கால், அதுவும் முழங்காலுக்குக் கீழே மட்டும். தினமும் காலையில் எடை பார்க்கவேண்டும். 3 நாளில் 2 கிலோ கூடினாலோ, புதிதாக மூச்சிரைத்தாலோ கட்டை அவிழ்த்துவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும். படுத்தால் மூச்சுமுட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குபவர் காலைத் தொங்கவிட்டபடி இரவு முழுக்க இருக்கிறார். பகலில் வடித்த நீர் விடிவதற்குள் திரும்பிவிடும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு பருமனோடு ஒட்டிப் பிறந்ததுபோல வருவது. அதற்குச் சிகிச்சை நடக்காமல் கால் கட்டு மட்டும் நடப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் வேலை.

நாடா அளவு

4 செ.மீ.க்கு ஒருமுறை சுற்றளவு எடுத்து, ஒவ்வொரு துண்டையும் தலை வெட்டிய கூம்பாகக் கருதிக் கொள்ளளவு கணக்கிடுவது வழக்கம். கீழ்ச் சுற்றளவின் வர்க்கம், மேல்சுற்றளவின் வர்க்கம், இரண்டின் பெருக்கல் ஆகிய மூன்றையும் கூட்டி, உயரத்தால் பெருக்கி, 37.7ஆல் வகுத்தால் மில்லிலிட்டரில் விடை. 48 செ.மீ.யும் 52 செ.மீ.யும் உள்ள ஒரு துண்டு 796 மில்லி வரும். நாடாவைச் சற்றுத் தளர்வாகப் பிடித்து 49, 53 என்று எடுத்துவிட்டால் அதே துண்டு 828 மில்லி. வித்தியாசம் 32 மில்லிதான். ஆனால் 60 செ.மீ. நீளக் காலில் அப்படி 15 துண்டுகள். எல்லாம் கிட்டத்தட்ட இதே பருமன் என்றால் பிழை அரை லிட்டரை நெருங்கும். பருத்த காலில் நாடா பிடிக்கும் கை மாறினாலே ‘சிகிச்சை பலித்தது’ என்றோ ‘தோற்றது’ என்றோ எழுதிவிட முடியும். ஒரே ஆள், ஒரே நேரம், உட்காரும் நிலை ஒன்றே. குதிகாலிலிருந்து எத்தனை செ.மீ. என்பதைக் குறித்துக்கொண்டு, அதே இடங்களில் அளக்கவேண்டும்.

இன்னொரு சிக்கல் எடை. மூன்று மாதத்தில் 6 கிலோ குறைந்தவரின் தொடையும் சுருங்கியிருக்கும். அது கட்டின் பெருமையல்ல. ஒரு பக்கம் மட்டும் வீங்கியவருக்கு இரு பக்கத்தின் விகிதத்தைப் பார்த்தால் எடையின் பங்கு பெரும்பாலும் கழிந்துவிடும். இரு காலும் வீங்கியவருக்கு ஒப்பிட மறுகால் இல்லை. அவருக்குப் பாதமும் கணுக்காலும்தான் நம்பகமான சாட்சி, அங்கே கொழுப்பு குறைவு. கட்டைவிரலால் 10 விநாடி அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பார்ப்பதும் உதவும். அளவுத் தாளின் மேல்மூலையில் அன்றைய உடல் எடையை எழுதாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து அந்தத் தாள் எதையும் சொல்லாது.

கட்டு

கட்டுப் போட்டு வீக்கத்தை இறக்கும் தீவிரக் கட்டம் பொதுவாக 2 முதல் 4 வாரம், வாரத்துக்கு 5 நாள். பயன்படுத்துவது குறைவாக நீளும் பேண்டேஜ். சுளுக்குக்குப் போடும் ரப்பர் கிரேப் அல்ல. கிரேப் ஓய்விலும் இறுக்கிக்கொண்டே இருக்கும். குறைவாக நீளும் துணி ஓய்வில் லேசாக இருந்து, நடக்கும்போது தசை விரிந்து அதன்மேல் மோத, அந்த மோதலில் நீரைத் தள்ளும். அதனால் நடக்காதவருக்கு இந்தக் கட்டின் பாதிப் பலன் கிடைக்காது. கட்டிவிட்டுப் படுக்கையில் கிடத்துவது வீண்.

சுற்றும் வரிசை: ஈரப்பத கிரீம், பருத்திக் குழல்துணி, விரல்களுக்கு மெல்லிய நாடா, அதன்மேல் பஞ்சு அல்லது ஃபோம், பிறகு பேண்டேஜ். பாதத்துக்கு 6 அல்லது 8 செ.மீ. அகலம், கெண்டைக்கு 10, தொடைக்கு 12. கணுக்காலை 90 பாகையில் மடக்கி வைத்து, விரல் அடியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடும்படி மேலே போகவேண்டும். குதிகாலை மூடாமல் ஜன்னல் விட்டால் அங்கே வீக்கம் பிதுங்கும்.

எவ்வளவு இழுத்துக் கட்டுவது? இங்கே ஒரு பழைய இயற்பியல் விதி கைகொடுக்கும்: அழுத்தம் இழுவிசைக்கும் அடுக்குகளின் எண்ணிக்கைக்கும் நேர் விகிதம், சுற்றளவுக்கும் பட்டையின் அகலத்துக்கும் எதிர் விகிதம். 10 செ.மீ. பட்டையை ஒரு கிலோ இழுவிசையில் இரண்டு அடுக்காகச் சுற்றினால், 24 செ.மீ. கணுக்காலில் சுமார் 38 மி.மீ. பாதரசம். அதே கை, அதே இழுப்பு, 48 செ.மீ. கெண்டையில் 19. 70 செ.மீ. தொடையில் வெறும் 13. கீழிருந்து மேலே அழுத்தம் தானாகக் குறைவது நல்லதுதான், ஆனால் பருத்த தொடையில் அது கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடுகிறது. இதற்கு இறுக்கி இழுப்பது தீர்வல்ல, அடுக்கைக் கூட்டவேண்டும். தொடையில் நான்கு அடுக்கு போட்டால் 26க்கு வரும். பேண்டேஜ் வாங்கும்போதே இதைக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. நடுத்தரக் காலுக்கு எழுதிவைத்த பட்டியலோடு பருத்த காலைத் தொடங்கினால் முழங்காலிலேயே சுருள் தீர்ந்துவிடும்.

விதியின் மறுமுகம் முன்னங்கால் எலும்பு. காலின் மொத்தச் சுற்றளவு 48 ஆக இருந்தாலும் எலும்பின் விளிம்பு கூர்மையானது; அந்தக் கூர்மையில் அழுத்தம் பல மடங்கு ஏறும். குதிகால் தசைநாணும் கணுக்கால் மொட்டும் அப்படியே. உணர்வு மங்கிய காலில் புண் இங்கேதான் பிறக்கும். எலும்பின்மேல் பஞ்சைக் குவிக்கக் கூடாது, அது கூர்மையை இன்னும் கூட்டும். இருபுறத்துப் பள்ளத்தையும் ஃபோமால் நிரப்பி காலை உருளையாக்கவேண்டும். கணுக்கால்மேலும் முழங்கால் பின்னும் விழும் ஆழமான தோல் மடிப்புக்கும் இதே வைத்தியம். மடிப்பை நிரப்பாமல் சுற்றினால் பேண்டேஜ் அதற்குள் சுருண்டு கயிறாகிவிடும்.

மூன்று நாள் கழித்து ‘கட்டு வழுக்கி இறங்கிவிட்டது’ என்று வருவது தோல்வியல்ல. முதல் வாரத்தில் கால் வேகமாக வடிவதால் கட்டு தளர்கிறது. தினமும் மாற்றவேண்டும் என்பதற்குக் காரணமே அது.

கையால் வடிப்பு: சொல்லப்படும் அளவுக்கு உண்டா?

மிக மென்மையான தொடுகை, 30 முதல் 40 மி.மீ. பாதரசத்தைத் தாண்டாத அழுத்தம், தோலை நீட்டி விடுவது மட்டும். முதலில் கழுத்தெலும்புக்கு மேல், பிறகு வீங்காத பக்கத்துக் கணுக்கள், கடைசியில் வீங்கிய கால். அறிவியல் சான்று என்னவோ அடக்கமானது: நல்ல அழுத்தக் கட்டோடு இதைச் சேர்க்கும்போது கிடைக்கும் கூடுதல் பலன் சிறியது. பருத்த காலில் இன்னும் சிறியது என்றே எண்ணத் தோன்றுகிறது, தோலுக்கும் ஆழத்துக்கும் இடையே இருப்பது ஏராளமான கொழுப்பு. ஒரு மணி நேர அமர்வில் 45 நிமிடம் மசாஜும் 15 நிமிடம் அவசரக் கட்டும் என்றால் நேரம் தலைகீழாகச் செலவாகிறது. தலை, மார்பு, பிறப்புறுப்பு வீக்கத்துக்கு, அதாவது கட்டுப் போடுவது கடினமான இடங்களுக்கு, இதன் பங்கு பெரிது.

செய்யும்போது இரண்டு கவனம். கழுத்துத் தமனியில் கொழுப்புப் படிவு இருப்பவருக்குக் கழுத்தின் பக்கவாட்டைத் தொடாமல், கழுத்தெலும்புக் குழியோடு நிறுத்தவேண்டும். வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தவருக்கு, ஊசி போட்ட இடத்தைத் தேய்த்தால் மருந்து வேகமாக உறிஞ்சப்பட்டு, எழுந்து உட்காரும்போது சர்க்கரை இறங்கிப்போகும். எங்கே, எப்போது ஊசி போட்டார் என்று கேட்பது ஐந்து விநாடி வேலை. வீங்கிய கையிலோ காலிலோ இன்சுலின் போடுவதையும் தவிர்க்கச் சொல்லவேண்டும்.

காற்று நிரம்பும் உறைகள் கொண்ட பம்ப் துணைக்கருவிதான். 30 முதல் 60 மி.மீ. பாதரசத்தில், 45 நிமிடம் போல. உறை முடியும் இடத்துக்கு மேல் நீர் போக வழியில்லையென்றால் கவட்டையிலும் பிறப்புறுப்பிலும் தேங்கும். இதயம் தளர்ந்தவருக்குக் கூடாது.

இரட்டைப் பலன் தரும் ஒரே பகுதி

நான்கு பகுதிகளில் காலுக்கும் சர்க்கரைக்கும் ஒருசேர வேலை செய்வது உடற்பயிற்சி ஒன்றுதான். அதுதான் பல இடங்களில் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளப்படுகிறது. எடை தூக்கினால் வீக்கம் கூடும் என்ற பழைய பயம் இன்னும் விடவில்லை. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கை வீங்கியவர்களிடம் நடந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வில், கண்காணிப்போடு படிப்படியாக எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாகும் சம்பவங்கள் அவர்களுக்குக் குறைவாகவே வந்தன.

எப்போதும் கட்டோ ஸ்டாக்கிங்கோ (அழுத்தம் தரும் இறுக்கமான காலுறை) போட்டபடியே பயிற்சி. தொடக்கம் மூச்சு: கையை வயிற்றில் வைத்து ஐந்து முறை ஆழமாக இழுத்து மெதுவாக விடுவது. உதரவிதானம் ஏறி இறங்கும்போது வயிற்றிலுள்ள பெரிய நிணநாளம் பிழியப்படுகிறது. தொந்தி பெருத்தவர் மல்லாந்து செய்ய முடியாது. முதுகை 30 பாகையோ அதற்கு மேலோ சாய்த்து வைக்கவேண்டும். பிறகு கணுக்காலை ஏற்றி இறக்குவது 20 முறை, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது 8 முறை, சுவரைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது 10 முறை. இந்தச் சுற்று இரண்டு. அதன்பின் நடை அல்லது சைக்கிள் 10 நிமிடம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி, வாரம் 150 நிமிடத்தை எட்டுவது இலக்கு. வேகத்துக்கு அளவுகோல் பேச்சு: பேச முடியவேண்டும், பாட முடியக் கூடாது. பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவரின் நாடித்துடிப்பை நம்பி வேகம் நிர்ணயிக்கக் கூடாது, மருந்து அதை அடக்கிவைத்திருக்கும்.

இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் தொடங்கும் முன் விரல் குத்திப் பார்க்கவேண்டும். 90 மி.கி.க்குக் கீழே என்றால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுத் தொடங்கலாம். 250க்கு மேல் ஏறி, சோர்வும் வாந்தியும் இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் போகவேண்டும். ஓய்விலேயே ரத்த அழுத்தம் மேலே 200, கீழே 110 என்ற எல்லையைத் தாண்டியிருந்தாலும் அப்படியே. எடை தூக்கும்போது மூச்சைப் பிடித்து முக்குவது அழுத்தத்தை எகிறவைக்கும். தூக்கும்போது மூச்சை வெளியே விடப் பழக்கவேண்டும்.

முழங்கால் தேய்ந்து நடக்க முடியாதவருக்குத் தண்ணீர் நல்ல வழி. 1 மீட்டர் ஆழத்தில் நின்றால் பாதத்தின்மேல் நீரே ஏறத்தாழ 74 மி.மீ. பாதரசம் அழுத்துகிறது, மேலே போகப்போகக் குறைகிறது. எந்தத் தையல்காரரும் தைக்க முடியாத ஸ்டாக்கிங் அது. திறந்த புண், விரலிடைப் பூஞ்சை, இதயத் தளர்ச்சி இருந்தால் வேண்டாம். பாத உணர்வு குறைந்தவர் குளத்துக்குள்ளும் செருப்பு போட்டுக்கொள்ளவேண்டும்.

தோல்

தேங்கிய புரத நீரும் உயர்ந்த சர்க்கரையும் சேர்ந்த கால் கிருமிக்குத் திறந்த வீடு. நுழைவாயில் பெரும்பாலும் விரலிடைப் பூஞ்சைதான். குளித்தபின் ஒவ்வொரு விரலிடுக்கையும் ஒற்றி உலர்த்துவது, வெடிப்பில் கிரீம் தடவுவது, ஆனால் விரலிடையில் கிரீம் தடவாமலிருப்பது. குனிந்து பாதத்தைத் தொட முடியாதவருக்கு இந்த அறிவுரையெல்லாம் காற்றில் போகும். நீளக் கைப்பிடிக் கண்ணாடியும் உதவிக்கு ஒருவரும் வேண்டும். தொந்தி மடிப்பும் கவட்டையும் அதேபோல ஈரம் தங்கும் இடங்கள்.

திடீரென்று குளிர்காய்ச்சல், ஒரு காலில் சிவந்து பரவும் சூடு, வலி என்றால் செல்லுலைட்டிஸ், அதாவது தோலிலும் அதன் அடித்திசுவிலும் பரவும் கிருமித் தொற்று. வடிப்பையும் பயிற்சியையும் நிறுத்தி, அன்றே ஆன்டிபயாடிக். காய்ச்சல் இறங்கி, தொட்டால் தாங்கும் அளவுக்கு வலி குறைந்ததும் லேசான அழுத்தத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். இரு காலும் ஒரே சமயத்தில் சிவந்து, காய்ச்சல் இல்லாமல், அரித்தால் அது பெரும்பாலும் சிரைத் தேக்கத்தால் வரும் தோல் அழற்சி. அதற்கு ஆன்டிபயாடிக் கோர்ஸ் மேல் கோர்ஸாக விழுங்குவோர் பலர். உண்மையான செல்லுலைட்டிஸ் அடிக்கடி திரும்பினால், நீண்டநாள் குறைந்த அளவு பெனிசிலின் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். எடுத்துக்கொள்ளும் காலத்தில் அது தாக்குதலைக் குறைக்கிறது.

ஸ்டாக்கிங் காலம்

அளவு இறங்கி நின்றபின் தட்டையாகப் பின்னி, ஓரம் தைத்த ஸ்டாக்கிங். உருளையாகப் பின்னிய மெல்லியது தோல் மடிப்புக்குள் புகுந்து வெட்டும். ஜெர்மானிய அளவுமுறையில் இரண்டாம் வகுப்பு 23 முதல் 32 மி.மீ. பாதரசம், மூன்றாம் வகுப்பு 34 முதல் 46. காலுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று. மூன்றாம் வகுப்பை மாட்டத் தெம்பில்லாதவருக்கு இரண்டாம் வகுப்பை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு போடலாம். குனிய முடியாதவருக்கு வெல்க்ரோ பட்டை உறை பொருத்தம். தானே இறுக்கலாம், கால் சுருங்கினால் மேலும் இறுக்கலாம். இரண்டு செட் வேண்டும், ஒன்று துவைத்துக் காயும்போது மற்றொன்று. ஆறு மாதத்தில் நெகிழ்வு போய்விடும்.

உணவில், நிணநீர் வீக்கத்துக்கென்று புரதத்தைக் குறைப்பது தவறு. தேங்கிய புரதம் தட்டிலிருந்து வந்ததல்ல. குறைத்தால் தசை கரையும், ரத்தத்தில் புரதம் தாழ்ந்தால் வீக்கம் கூடக்கூடச் செய்யும். மொத்தக் கலோரியையும் உப்பையும் குறைத்து எடை இறங்கச்செய்வதுதான் வேலை. எடை குறைத்த பெண்களில் வீங்கிய கையின் அளவும் இறங்கியதைச் சிறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எடை உண்மையாகவே இறங்கத் தொடங்கினால், அது உணவாலோ ஊசியாலோ அறுவையாலோ, ஒரு புதுத் தலைவலி வரும். போன மாதம் கச்சிதமாக இருந்த ஸ்டாக்கிங் தொடையில் நிற்காமல் நழுவி, முழங்காலுக்குப் பின்னால் சுருண்டு, அங்கே கயிறுபோல இறுக்கும். அதற்குக் கீழே கெண்டை மறுபடி வீங்கும். ‘எடை குறைந்தும் வீக்கம் போகவில்லையே’ என்று நோயாளி மனம் தளர்வார். வேகமாக இளைக்கும் மாதங்களில் ஆறு மாதம்வரை காத்திருக்காமல், 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை மறு அளவு எடுக்கவேண்டும். விலைகூடிய அளவுத் தையல் ஸ்டாக்கிங்கை எடை நிலைத்தபின் வாங்கலாம், அதுவரை வெல்க்ரோ உறையே போதும்.